14 நாளில் இழுத்து மூடப்பட்ட விண்வெளிப் போர்! - 'கான்கார்ட்' கேமுக்கு என்ன ஆனது?

2024, செப்டம்பர் முதல் வாரம். ஏதோ ஒரு தொலைதூரக் கிரகம். அணிக்கு ஐந்து பேராக இரண்டு அணிகள் களத்தில் இறங்குகின்றன. துப்பாக்கிகள் வெடிக்க வேண்டிய நேரம். ஆனால், ஒருவர் நேராக ஓடிப்போய் மலை விளிம்பிலிருந்து குதிக்கிறார். பின்னாலேயே இன்னொருவர். திரும்ப உயிர் பெற்று வந்ததும் திரும்பவும் ஓடிப்போய்க் குதிக்கிறார்கள்.

கேமில் கோளாறு எதுவும் இல்லை. தெரிந்தேதான் குதித்தார்கள். பிளேஸ்டேஷனில் ஒரு கேமின் எல்லா சவால்களையும் முடிப்பவருக்கு 'பிளாட்டினம் டிராபி' என்று ஒன்று கிடைக்கும். கையில் பிடிக்கக்கூடிய கோப்பை எல்லாம் இல்லை, பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னம். அவ்வளவுதான். அதை வாங்கத் தேவையான புள்ளிகள் சேர, நிறைய மேட்ச்கள் ஆடி முடிக்க வேண்டும். நின்று சண்டை போட்டால் நேரமாகும். குதித்துச் செத்தால் மேட்ச் சீக்கிரம் முடியும். ஏன் இந்த அவசரம்? செப்டம்பர் 6-ம் தேதியோடு அந்த கேமை மொத்தமாக மூடப்போவதாக சோனி அறிவித்திருந்தது. கேம் வெளியானதோ ஆகஸ்ட் 23. சரியாக 14 நாள்!

அந்த கேமின் பெயர் 'கான்கார்ட்'. வீடியோ கேம் பக்கமே போகாதவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை இது. 2018-ல் தொடங்கப்பட்ட ஒரு ஸ்டூடியோவின் பல வருட உழைப்பு அதில் இருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய ஒரு பொருள் ஒரே நாளில் காணாமல் போவதும் இருக்கிறது. இரண்டாவது விஷயம் நம் எல்லோர் வீட்டுக்கும் வரக்கூடியது.

அணியாக ஆடும் துப்பாக்கிச் சண்டை

'ஃபர்ஸ்ட் பர்சன் ஷூட்டர்' என்பது ஆடுபவரின் கண் வழியாகவே எல்லாம் தெரியும் துப்பாக்கி கேம். திரையில் உங்கள் உருவம் தெரியாது. கையும் துப்பாக்கியும் மட்டும் தெரியும். இதையே அணியாக ஆடும்போது, அணியில் ஆளுக்கொரு வேலை. கபடியைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். பாடிப் போகிறவர் ஒருவர், காலைப் பிடிக்கக் காத்திருக்கிறவர் ஒருவர், அவருக்குத் துணையாகச் சங்கிலி கோப்பவர் ஒருவர். எல்லோரும் ரெய்டுக்கே ஓடினால் மேட்ச் போய்விடும்.

1996-ல் 'குவேக்' என்ற கேமுக்கு ரசிகர்கள் உருவாக்கிய 'டீம் ஃபோர்ட்ரெஸ்' இந்த வகைக்கு ஒரு முக்கியமான ஆரம்பம். 2007-ல் அதன் இரண்டாம் பாகம் வந்தது. 2016 மே மாதம் ப்ளிஸார்டின் 'ஓவர்வாட்ச்' வந்தபோது, துப்பாக்கியைவிட அதைப் பிடித்திருக்கும் ஆள் முக்கியம் என்றானது. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு முகம், ஒரு குரல், ஒரு வித்தை. இதற்கு 'ஹீரோ ஷூட்டர்' என்று பெயர்.

கான்கார்டைச் செய்தது அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்த 'ஃபயர்வாக் ஸ்டூடியோஸ்'. 'ஹேலோ', 'டெஸ்டினி' போன்ற பெரிய விண்வெளி கேம்களைத் தந்த 'பஞ்சி' நிறுவனத்தில் வேலை பார்த்தவர்கள் பலர் அங்கே இருந்தார்கள். 2023 ஏப்ரலில் சோனி அந்த ஸ்டூடியோவையே வாங்கியது. அப்போது சோனிக்கு இருந்த ஆசை பெரியது. ஒருமுறை விற்றுவிட்டு மறந்துவிடாமல், மாதாமாதம் புதிய விஷயங்கள் சேர்த்து வருடக்கணக்கில் ஓட்டக்கூடிய 12 ஆன்லைன் கேம்களை 2026 மார்ச்சுக்குள் கொண்டு வருவது திட்டம். 2023 நவம்பரிலேயே அந்த 12 என்பது ஆறாகக் குறைந்தது. அந்த ஆறில் கான்கார்ட் தப்பித்திருந்தது.

ஆடிப் பார்க்க வாங்க...

2024 ஜூலையில் 'பீட்டா' திறந்தது. பீட்டா என்றால் கேம் வெளிவருவதற்கு முன் நடக்கும் வெள்ளோட்டம். ஜூலை 12 முதல் 14 வரை முன்பதிவு செய்தவர்களுக்கும் பிளேஸ்டேஷன் சந்தாதாரர்களுக்கும், 18 முதல் 21 வரை யாருக்கு வேண்டுமானாலும். பைசா கட்ட வேண்டாம்.

உள்ளே போனவர்களுக்கு என்ன கிடைத்தது? நார்த்ஸ்டார் என்ற விண்கலம். அதில் 'ஃப்ரீகன்னர்கள்' என்று அழைக்கப்படும் கூலிப்படை. கேம் வெளியானபோது மொத்தம் 16 பேர். லெனாக்ஸ் என்ற துப்பாக்கிக்காரர்தான் போஸ்டர் முகம். '1-ஆஃப்' என்று குப்பை அள்ளும் ரோபோ ஒன்று, கையில் துப்பாக்கிக்குப் பதில் உறிஞ்சும் குழாய். கிப்ஸ் என்ற ரோபோ உளவாளி கண்ணுக்குத் தெரியாமல் மறையும். டச்சஸ் கை அசைத்தால் நடுக்களத்தில் சுவர் எழும். ரோகா பறந்துகொண்டே ராக்கெட் விடுவார். எமரி உடல் முழுக்கக் கவசத்தோடு அடி வாங்கவே பிறந்தவர்.

முதல்முறை ஆடுகிறவர் பெரும்பாலும் டியோவைத்தான் எடுத்திருப்பார். சாதாரண ராணுவ வீரர், சாதாரண துப்பாக்கி, புகைக்குண்டு. பழகிய கைக்கு சுலபம். விசையை அழுத்தியதும் ஒரு விஷயம் உடனே தெரிந்துவிடும்: சுடுவது சுகமாக இருக்கிறது! குறி ஒட்டும் விதம், துப்பாக்கி கையில் உதைக்கும் விதம், சத்தம்... விமர்சகர்களில் கான்கார்டைப் பிடிக்காதவர்கள்கூட இதைக் குறை சொல்லவில்லை. பஞ்சி பட்டறையில் கை பழகியவர்கள் செய்தது அல்லவா!

இன்னொரு நல்ல யோசனையும் இருந்தது. டா என்ற மருத்துவப் பாத்திரம் தரையில் சிகிச்சைத் தட்டு ஒன்றை வைத்துவிட்டுப் போகும். அடிபட்டவர் அதில் நின்றால் தேறிவிடலாம். அந்த ஆட்டக்காரர் அடுத்து வேறு பாத்திரத்துக்கு மாறினாலும் தட்டு அங்கேயே இருக்கும். லார்க் விதைக்கும் காளான்களும் அப்படித்தான். ஆக, முதலில் டாவாக வந்து தட்டு வைத்து, பிறகு லார்க்காக வந்து காளான் விதைத்து, கடைசியில் எமரியாக வந்து மோதலாம். ஆறு வகைப் பொறுப்புகள், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற மாற கூடுதல் பலன். உயிர் போனால் திரும்ப வர முடியாத சுற்றுகளில், ஒரு பாத்திரத்தை வைத்து ஜெயித்துவிட்டால் அந்த மேட்ச்சில் அதை மறுபடி எடுக்க முடியாது. சீட்டுக்கட்டில் எந்தச் சீட்டை எப்போது இறக்குவது என்று யோசிப்பதுபோல ஆளை இறக்க வேண்டும்.

கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? சிக்கலும் இங்கேதான். இதெல்லாம் புரியப் பத்து மணி நேரமாவது ஆட வேண்டும். வார இறுதியில் சும்மா எட்டிப் பார்க்க வந்தவருக்கு முதல் அரை மணி நேரத்தில் தெரிந்ததோ வேறு. பாத்திரங்கள் மெதுவாக ஓடுகின்றன. ஒருவரை வீழ்த்த எத்தனையோ குண்டுகள் தேவைப்படுகின்றன. ஓவர்வாட்ச்சில் இருப்பதுபோல, மேட்ச்சின் போக்கையே புரட்டிப்போடும் அந்த ஒரு பெரிய 'அல்டிமேட்' வித்தை இதில் கிடையாது. ஒரு பாத்திரத்தோடு ஒட்டி, 'இது என் ஆள்' என்று பழகத்தான் இந்த வகை கேமுக்கே மக்கள் வருகிறார்கள். கான்கார்டோ 'ஆளை மாற்று, ஆளை மாற்று' என்று சொல்லிக்கொண்டே இருந்தது. புத்திசாலித்தனமான விதிதான். ஆனால், வந்தவர்களின் ஆசைக்கு எதிர்த் திசையில் போன விதி.

பிறகு தோற்றம். டீம் ஃபோர்ட்ரெஸ் 2-ஐ உருவாக்கியபோது வால்வ் நிறுவனம் ஒரு கணக்கு வைத்திருந்தது. ஒரு பாத்திரத்தின் நிழலை மட்டும் பார்த்தாலும் அது யார் என்று தெரிய வேண்டும். மருத்துவரா, ஸ்னைப்பரா என்று ஒரு நொடியில் முடிவு செய்தால்தான் தப்பிக்க முடியும். கான்கார்டின் ஆட்கள் பழைய விண்வெளிப் படங்களில் வருவதுபோல பொதபொதவென்று உடைகளும் தோள்பட்டைகளும் அணிந்து, பல நிறங்களில் வந்தார்கள். ஒவ்வொரு உடையும் கவனமாகச் செய்யப்பட்டது என்பது பக்கத்தில் பார்த்தால் தெரியும். ஓட்டத்தில், தூரத்தில், யார் என்ன செய்வார் என்று பிடிபடவில்லை. இதைப் பற்றி இணையத்தில் பெரிய சண்டையே நடந்தது. கேமைத் தொடாமலேயே சண்டைக்கு வந்தவர்களும் அதில் உண்டு. அவர்களை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் குறை குறைதான்.

697

இலவச பீட்டா நாள்களில், ஸ்டீம் தளத்தில் ஒரே நேரத்தில் ஆடியவர்களின் உச்ச எண்ணிக்கை 2,388. சோனி அளவிலான நிறுவனத்துக்கு இது எச்சரிக்கை மணி அல்ல, தீயணைப்பு வண்டியின் சைரன். கேம் வெளியானதும், அதே ஸ்டீமில் உச்சம் 697. பிளேஸ்டேஷனில் எத்தனை பேர் ஆடினார்கள் என்ற எண்ணை சோனி வெளியிடவில்லை.

இன்னொரு எண்ணைப் பக்கத்தில் வைத்தால்தான் அந்த 697-ன் வலி தெரியும். கான்கார்டின் முன்கூட்டிய அனுமதி தொடங்கிய ஆகஸ்ட் 20-ம் தேதியன்றுதான் சீனாவின் 'பிளாக் மித்: வுகோங்' வெளியானது. ஸ்டீமில் அதை ஒரே நேரத்தில் ஆடியவர்கள் 24 லட்சம் பேர்.

விலை 40 டாலர். அன்றைய மதிப்பில் சுமார் 3,300 ரூபாய். ஓவர்வாட்ச் 2 இலவசம். வேலோரன்ட் இலவசம். 2019-ல் முன்னறிவிப்பே இல்லாமல் வந்து ஒரே வாரத்தில் இரண்டரைக் கோடி பேரை இழுத்த 'ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ்' இலவசம். கான்கார்ட் பீட்டா முடிந்த அதே வாரத்தில் 'மார்வெல் ரைவல்ஸ்' தன் வெள்ளோட்டத்தைத் தொடங்கியது. ஸ்பைடர்மேனும் அயர்ன்மேனும் சும்மா கிடைக்கும்போது, பெயரே கேள்விப்படாத லெனாக்ஸுக்கு யார் 40 டாலர் தருவார்கள்?

விலைதான் காரணம் என்று இதோடு முடித்துவிட முடியாது. அதே 2024 பிப்ரவரியில், அதே சோனி, அதே 40 டாலருக்கு, அதே விண்வெளி, அதே அணி ஆட்டம் என்று 'ஹெல்டைவர்ஸ் 2'-ஐ வெளியிட்டது. 12 வாரங்களில் 1 கோடியே 20 லட்சம் பிரதிகள் விற்றன. அதில் நான்கு பேர் ஒன்றாகச் சேர்ந்து பூச்சிக் கூட்டத்தையும் ரோபோக்களையும் எதிர்க்கலாம். தவறுதலாக நண்பனையே சுட்டுவிட்டு வயிறு வலிக்கச் சிரிக்கலாம். அதைப்போல வேறொன்று அப்போது சந்தையில் இல்லை. கான்கார்டைப்போல ஏற்கெனவே ஐந்தாறு இருந்தன. தெருவில் நாலு டீக்கடை ஓசியில் டீ கொடுக்கும்போது, ஐந்தாவது கடை காசு கேட்டால் அந்த டீயில் ஏதாவது இருக்க வேண்டும்.

ஹீரோ ஷூட்டர்கள் மூடப்படுவது புதிதல்ல. ஓவர்வாட்ச் வந்த அதே மே மாதத்தில் வந்த 'பேட்டில்பார்ன்' 2021 ஜனவரியில் நின்றது. 2017 ஆகஸ்ட்டில் வந்த 'லாபிரேக்கர்ஸ்' 13 மாதம் ஓடியது. ஆனால், இவ்வளவு பெரிய நிறுவனத்தின் கேம், 14 நாளில்?

மூடு விழா

செப்டம்பர் 3-ம் தேதி, கேமின் இயக்குநர் ரயான் எல்லிஸ் அறிக்கை வெளியிட்டார். சில விஷயங்கள் ஆட்டக்காரர்களுக்குப் பிடித்திருந்தாலும், மற்ற சில விஷயங்களும் வெளியீடும் நினைத்தபடி அமையவில்லை, எனவே 6-ம் தேதி முதல் கேம் இயங்காது என்பது அதன் சாரம். வாங்கியவர்களுக்கு முழுப் பணமும் திருப்பித் தரப்பட்டது. இதற்காக சோனியைப் பாராட்டத்தான் வேண்டும். பேட்டில்பார்னை வாங்கியவர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

கேமைத் திருத்தி மீண்டும் கொண்டு வருவார்கள் என்று கொஞ்ச நாள் பேச்சு இருந்தது. அக்டோபர் 29-ம் தேதி ஃபயர்வாக் ஸ்டூடியோவையே மூடுவதாக சோனி அறிவித்ததோடு அந்தப் பேச்சும் முடிந்தது. பல வருடம் ஒரு ரோபோவின் உறிஞ்சு குழாயை வரைந்தவர், ஒரு காளானின் அசைவைச் செதுக்கியவர் எல்லோரும் வேறு வேலை தேட வேண்டிய நிலை. நல்லா இல்லாத கேமுக்கு இது சரியான தண்டனைதான் என்று இணையத்தில் கேலி செய்தவர்கள், சுடும்போது கிடைத்த அந்தச் சுகத்தைச் செய்ததும் இதே ஆட்கள்தான் என்பதை மறந்துவிட்டார்கள்.

நவம்பரில் முதலீட்டாளர்களிடம் பேசிய சோனியின் ஹிரோகி டோடோகி ஒன்றை ஒப்புக்கொண்டார். ஆட்டக்காரர்களை வைத்துப் பரிசோதிப்பதையும் உள்ளுக்குள் மதிப்பிடுவதையும் இன்னும் முன்பே செய்திருக்க வேண்டும் என்றார். வெளியீட்டுக்கு ஐந்து வாரம் முன்பு பீட்டா வைத்தால், அதில் தெரியும் குறையை எந்த ஸ்டூடியோவால் சரிசெய்ய முடியும்? கல்யாணத்துக்கு முதல் நாள் ராத்திரி ஜாதகம் பார்ப்பதுபோலத்தான்.

வாங்கிய பொருள் யாருடையது?

கான்கார்ட் டிஸ்க்காகவும் விற்றது. பழைய கேசட், சி.டி நினைவில் உள்ளவர்கள் நினைக்கலாம், 'டிஸ்க் கையில் இருக்கிறதே, போட்டு ஆட வேண்டியதுதானே' என்று. முடியாது. கேம் முழுவதும் நிறுவனத்தின் சர்வரோடு பேசித்தான் இயங்கும். சர்வர் அணைந்தால் டிஸ்க் வெறும் பிளாஸ்டிக். 'பை' பட்டனைத் தட்டி நாம் வாங்கும் டிஜிட்டல் பொருள்கள் பலவும் இப்படித்தான். வாங்குவது பொருளை அல்ல, அனுமதியை.

2024 மார்ச் 31-ம் தேதி யுபிசாஃப்ட் தன் 'தி க்ரூ' கார் பந்தய கேமின் சர்வர்களை அணைத்தபோது, பத்து வருடத்துக்கு முன் காசு கொடுத்து வாங்கியவர்களால்கூட அதன்பிறகு ஆட முடியவில்லை. அதைத் தொடர்ந்து ராஸ் ஸ்காட் என்ற யூடியூபர் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' என்ற இயக்கத்தைத் தொடங்கினார். கேமை நிறுத்தினாலும், வாங்கியவர்கள் தாங்களே ஏதாவது ஒரு வழியில் ஆடும்படி விட்டுவிட்டுப் போங்கள் என்பதுதான் கோரிக்கை. ஐரோப்பிய ஒன்றியத்தில் அந்தக் கோரிக்கைக்கு 2025 ஜூலையில் 10 லட்சத்துக்கும் மேல் கையெழுத்துகள் சேர்ந்தன. அதே 2024 செப்டம்பரில் கலிஃபோர்னியாவில் கையெழுத்தான ஒரு சட்டப்படி, டிஜிட்டல் பொருளை விற்பவர் 'வாங்குங்கள்' என்று போட்டால், நீங்கள் பெறுவது உரிமம் மட்டுமே என்று தெளிவாகச் சொல்லியாக வேண்டும். 2025 ஜனவரி 1 முதல் இது நடைமுறைக்கு வந்தது.

வீட்டில் பிள்ளைகள் ஆன்லைன் கேமுக்குக் காசு கேட்டால், கேம் எத்தனை ரூபாய் என்பதோடு இன்னொன்றையும் கேட்கலாம்: இது நெட் இல்லாமல் ஓடுமா? ஓடாது என்றால், அது டிவிடி வாங்குவதைப் போன்றதல்ல, தியேட்டர் டிக்கெட் எடுப்பதைப் போன்றது. டிக்கெட் எடுப்பது தப்பில்லை. டிக்கெட் என்று தெரிந்து எடுக்க வேண்டும். இலவசமாக பீட்டா வருகிறதா என்று பார்த்து, ஒரு வார இறுதி ஆடிவிட்டு முடிவெடுப்பது இன்னும் நல்லது. கான்கார்ட் பீட்டாவை ஆடியவர்களில் பலர் அதைத்தான் செய்தார்கள்.

ஆனாலும், அந்தப் பதினான்கு நாளில் இந்த கேமை நிஜமாகவே நேசித்துவிட்டவர்கள் சிலர் இருந்தார்கள். 2025 நவம்பரில், ரசிகர்கள் சிலர் கேமின் கோப்புகளை அலசி ஆராய்ந்து, சொந்தமாக ஒரு சர்வரை உருவாக்கி கான்கார்டை மறுபடி ஓடவிட்டார்கள். லெனாக்ஸ் மீண்டும் களத்தில் ஓடும் வீடியோக்கள் யூடியூபில் வந்தன. கொஞ்ச நாளில் அந்த வீடியோக்களுக்குக் காப்புரிமை நோட்டீஸ் பறந்தது.

2024 டிசம்பரில், வீடியோ கேம்களை வைத்து அமேசான் பிரைம் வெளியிட்ட 'சீக்ரெட் லெவல்' தொடரில் கான்கார்டுக்கும் ஒரு எபிசோடு இருந்தது. கேம் மூடப்பட்டு மூன்று மாதம் கழித்து வந்த விளம்பரம்! இன்னொரு கூத்து, சர்வர் அணைந்த அதே செப்டம்பர் 6-ம் தேதிதான் சோனியின் 'ஆஸ்ட்ரோ பாட்' வெளியானது. நெட் இல்லாமலே ஒருவர் தனியாக உட்கார்ந்து ஆடும், குட்டி ரோபோ ஓடித்தாவும் கேம். அந்த வருடத்தின் சிறந்த கேம் விருதை அதுதான் வாங்கியது.

கான்கார்ட் வெளியானபோது, அதன் வண்ணங்களில் ஒரு சிறப்பு பிளேஸ்டேஷன் கன்ட்ரோலரும் கடைக்கு வந்திருந்தது. அதை வாங்கியவர்களுக்கு நஷ்டமில்லை. இன்றைக்கும் அது நன்றாக வேலை செய்கிறது. ஆஸ்ட்ரோ பாட்டும் ஆடலாம்.